அந்த மிஷினைத் தூக்கிப் போட்டுவிடாதே, பாப்பா

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பையனும் நலமா? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் கூப்பிடும் நேரம் நீ ஆபீஸ் கிளம்பும் நேரமாகிவிடுகிறது. சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய பழைய வாக்குவம் கிளீனர் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார் ஷெட்டில் கிடந்தது, வீட்டுக்காரர் குப்பைக்குப் போடச் சொல்லிவிட்டார், உங்களுக்குப் பிடிக்குமே என்று போட்டோ எடுத்தேன் என்று எழுதியிருந்தாய். போடாதே, பாப்பா. நீளமான உருளை உடம்பு, மங்கிப்போன குரோமியம், அடியில் சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்கிக்கொண்டு போக இரண்டு பட்டைக் கம்பி. எனக்குத் தெரிந்தவரை அது அமெரிக்க எலக்ட்ரோலக்ஸ், மாடல் முப்பது. மூன்று எக்ஸ் போட்டு ரோமன் எண்ணில் எழுதியிருப்பார்கள். லுரெல் கில்ட் என்ற டிசைனர் வடிவம் கொடுத்து 1937இல் வந்தது. தகடு எங்கேயாவது ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து அதை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓடுகிறதா பார்க்கலாம் என்று பிளக்கில் சொருகிவிடாதே. ஒயரின் ரப்பர் இத்தனை வருஷத்தில் அப்பளமாக நொறுங்கியிருக்கும். உடம்பு முழுக்க உலோகம். அந்தக் காலத்து மிஷினில் எர்த் ஒயர் கிடையாது, இரண்டே ஒயர்தான். உள்ளே எங்கேயாவது ஒயர் உடம்பைத் தொட்டிருந்தால் தொடுகிறவருக்குத்தான் ஷாக்.

என்னிடம் இருக்கும் பழைய வாக்குவம் கிளீனர், அந்த ஹூவர் ஜூனியர், எப்படி வந்தது என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நீ கல்யாணமாகிப் போன அடுத்த வருஷம், காட்பாடி ரோட்டில் ஒரு காயலான் கடை வாசலில் பார்த்தேன். பழைய பங்களா ஒன்றைக் காலி செய்த சாமானோடு வந்ததாம். கடைப் பையன் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டான். மோட்டாரை உடைத்தால் காப்பர் கிடைக்கும், மீதி அலுமினியம். நான் தம்பி, நிறுத்து என்றேன். எடை போட்டு 600 ரூபாய் கேட்டான். பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தகட்டில் இங்கிலாந்து, பெரிவேல் என்று போட்டிருந்தது. ஹூவர் கம்பெனி லண்டன் பக்கத்தில் பெரிவேலில் 1930களில் கட்டிய ஃபாக்டரி அது. அங்கே செய்த மிஷின் கடல் தாண்டி நம்ம ஊருக்கு வந்து, எந்தத் துரைசானி வீட்டு ஜமுக்காளத்தைப் பெருக்கியதோ.

அதை ஓட வைக்க எனக்கு ஐந்து மாசம் ஆனது. மோட்டாரைப் பிரித்தால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரின் முனையில் கம்யூட்டேட்டர் இருக்கிறது அல்லவா, செப்புப் பட்டைகள் வட்டமாக அடுக்கினது, அது கரி பிடித்து அடுப்பங்கரைச் சட்டி மாதிரி இருந்தது. பட்டைக்குப் பட்டை நடுவில் கரண்ட் தாண்டாமல் இருக்க மைக்கா. செப்பு தேய்ந்து மைக்கா மேலே துருத்திக்கொண்டு நின்றால், அதன் மேல் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் குதிக்கும், பொறி பறக்கும். ஹாக்சா பிளேடை உரசி மெல்லிசாக்கி, ஒவ்வொரு இடுக்காக மைக்காவைச் சுரண்டினேன். ஒரு நாளைக்கு நாலைந்து இடுக்குக்கு மேல் கண் தாங்கவில்லை. உன் அம்மாதான் டார்ச் பிடித்துக்கொண்டு உட்காருவாள். கார்பன் பிரஷ் அந்த அளவில் இங்கே எங்கேயும் கிடைக்காது. கை டிரில்லுக்குப் போடுகிற பெரிய பிரஷ்ஷை வாங்கி எமரித்தாளில் தேய்த்துத் தேய்த்து அந்தக் கூட்டில் வழுக்கிப் போகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் கம்யூட்டேட்டரைச் சுற்றி நைஸ் தாளை வைத்துக் கையால் சுழற்ற, பிரஷ்ஷின் முனை அந்த வளைவுக்குத் தக்கபடி குழிந்துகொண்டது.

முதல் தடவை கரண்ட் கொடுத்தது சீரிஸ் லேம்ப் வழியாக. அதை நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். 100 வாட் குண்டு பல்பை நடுவில் கோத்து மிஷினுக்குக் கரண்ட் விடுவது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பியூஸ் போகாது. அன்றைக்குப் பல்பு மங்கலாகச் சிவந்தது. மோட்டார் ம்ம்ம் என்று முனகி மெதுவாகத் திரும்பியது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் தோல் பதனிடும் டேனரியில் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீஷியனாக எத்தனையோ மோட்டாரை ஓட்டியிருக்கிறேன், அன்றைக்கு வந்த சந்தோஷம் எதற்கும் வந்ததில்லை.

எதற்கு இந்த வயசில் பழைய தூசி மிஷினோடு மல்லுக்கட்டுகிறீர்கள், புதுசு நான் வாங்கித் தருகிறேனே என்று போன வருஷம் கேட்டாய். வாங்கியும் கொடுத்தாய். வீட்டைப் பெருக்குவது அதில்தான். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

1993 கோடையில் டை கட்டிய ஒரு பையன் நம் வீட்டுக்கு வந்தான். உனக்கு ஆறு வயசு, ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. வேலூர் வெயிலில் டை கட்டிக்கொண்டு, கையில் பெரிய பெட்டி. யுரேகா ஃபோர்ப்ஸ்காரர்கள் 1982இல் ஆரம்பித்து இப்படி வீடு வீடாகப் போய்த்தான் விற்றார்கள். அதில் ஸ்வீடன் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனியும் ஒரு பங்காளி. உன் கார் ஷெட்டில் கிடக்கிறதே, அந்தப் பெயர்தான். பையன் நம் மெத்தையின் மேல் மிஷினை ஓட்டி, உறிஞ்சியதை வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டினான். சாம்பல் மாதிரி ஒரு பிடி. அம்மா அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. விலை என் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல். அப்புறம் பார்க்கலாம் தம்பி என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அம்மாவுக்கு அப்போதே இளைப்பு உண்டு. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு பெருக்குவாள். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அப்படியே பெருக்கினாள். நான் ராணிப்பேட்டையில் பஃபிங் செக்ஷனில் வேலை முடித்து வருவேன். தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் இடம் அது, மாவு மாதிரி தோல் தூசி பறக்கும். சட்டையில், தலையில், காதுமடலில் எல்லாம் அதுதான். அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் வந்து உன்னைத் தூக்குவேன். இளைப்புக்கு அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வெள்ளைத் தாளும் அம்மாவின் முகமும் எனக்கு மறக்கவில்லை, பாப்பா.

பஃபிங்கில் ஆரம்பத்தில் கம்ப்ரஸர் காற்றை ஊதித்தான் மிஷினைச் சுத்தம் செய்வோம். இங்கே இருக்கிற தூசி பறந்து அங்கே போய் உட்காரும், அவ்வளவுதான். அப்புறம்தான் புளோயர் வைத்து உறிஞ்சித் துணிப்பையில் பிடிக்கும் ஏற்பாடு வந்தது. லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினியரும் 1901இல் இதையேதான் யோசித்தார். யாரோ காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் மிஷினைக் காட்ட, ஏன் உறிஞ்சக் கூடாது என்று கேட்டார். ஒரு நாற்காலியின் மெத்தை மேல் கைக்குட்டையைப் போட்டு வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது. அவர் செய்த மிஷின் குதிரை வண்டியில் தெருவில் நிற்கும், குழாய் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும்.

ஆனால் என் மனசுக்கு நெருக்கமானவர் ஜேம்ஸ் ஸ்பாங்ளர். உன் ஒஹாயோக்காரர்தான், கேன்டன் ஊர். நீ இருக்கும் கொலம்பஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஒரு பெரிய கடையில் பெருக்கும் வேலை பார்த்தவர், அவருக்கும் இளைப்பு. பெருக்கப் பெருக்க இருமல். ஒரு ஃபேன் மோட்டார், துடைப்பத்தின் கட்டை, ஒரு தலையணை உறை. இவ்வளவையும் வைத்துக் கையில் பிடித்துத் தள்ளும் மிஷின் செய்துவிட்டார். 1908இல் பேடன்ட் கிடைத்தது. அதை வாங்கியவர்தான் வில்லியம் ஹூவர். அவர் யார் தெரியுமா? தோல்காரர். குதிரைச் சேணமும் கழுத்துப்பட்டையும் செய்து விற்ற குடும்பம். மோட்டார் கார் வந்ததும் சேண வியாபாரம் படுத்துவிடும் என்று வேறு தொழில் தேடிக்கொண்டிருந்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவர் இளைப்புக்காரர், ஒருவர் தோல்காரர். நம் வீட்டுக் கதை மாதிரியே இருந்தது.

அம்மா உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. பழைய மிஷினை வீட்டுக்குள் ஓட்டுவதில்லை. துணிப்பையில் பெரிய குப்பை நிற்கும், நைஸ் தூசி நெய்த ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும், அது அவளுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கால் மணி நேரம் ஓட்டுவேன். சத்தம் கேட்டதும் கீழேயிருந்து, பேரிங் இன்னும் கரகரக்குதே என்று குரல் கொடுப்பாள். அவள் காது தப்பாது. அந்தப் பை அவள் தைத்ததுதான். பழையது தொட்டாலே கிழிந்தது, லாங் பஜாரில் கெட்டி டிரில் துணி வாங்கிவந்து உஷா மிஷினில் இரட்டைத் தையல் போட்டாள்.

சரி, உன் மிஷினுக்கு வருகிறேன். அதைப் பிரித்துப் பார். ஸ்க்ரூ போட்டு மூடியது, பிரிக்கலாம். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு படிக்கும் போட்டோ எடு, ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் குழி குழியாக வரிசையாய் வை. எலக்ட்ரோலக்ஸில் காற்று முதலில் பைக்குள் போய், அப்புறம்தான் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் வரும். என் ஹூவரில் குப்பையே ஃபேன் வழியாகத்தான் பைக்குப் போகும். அதனால்தான் என் ஃபேனில் ஒரு இதழ் பல் உடைந்து கிடக்கிறது, ஏதோ கல்லோ காசோ அடித்திருக்கிறது. உன்னுடையது அந்த வகையில் பிழைத்திருக்கும், பை கிழியாமல் இருந்திருந்தால். ஆர்மேச்சரைக் கையால் சுற்றிப் பார், தடையில்லாமல் சுற்றினால் பாதி வேலை முடிந்தது. குரோமியத்தை ஸ்டீல் நாரால் தேய்க்காதே, கோடு விழுந்தால் போகாது.

பொங்கலுக்கு வரும்போது கொண்டுவர முடியுமா பார். ஒரு பெட்டியின் எடைக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன், தராசில் போட்டுப் பார்த்துச் சொல். குழாயும் முனைகளும் கிடந்தால் அவற்றையும் விடாதே. உங்கள் ஊர்க் கரண்டுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் அப்படியே போட்டால் எரிந்துவிடும். 110க்கு இறக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று சுற்றித் தரச் சொல்லி வைண்டிங் கடையில் பேசிவிட்டேன். கொண்டுவர முடியவில்லை என்றால் உன் வீட்டிலேயே வை, வீடியோ காலில் நான் சொல்லச் சொல்ல நீயே செய். பையனையும் பக்கத்தில் உட்கார வை. அவனுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற வயசுதான்.

அம்மா பக்கத்தில் நின்று கேட்கச் சொல்கிறாள்: உள்ளே துணிப்பை இருக்கிறதா? இல்லையென்றால் பை மாட்டுகிற வாயின் குறுக்களவையும் உடம்பின் உள்நீளத்தையும் அளந்து அனுப்பு. டிரில் துணி ஒன்றரை மீட்டர் மிச்சம் இருக்கிறதாம், நீ வருவதற்குள் தைத்து வைத்துவிடுவாளாம்.

அன்புடன்,
அப்பா