‘பான் அவுட்’: தேறுமா, தேறாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் ஆங்கிலச் சொல்வழக்குப் பகுதியில் ‘பான் அவுட்’ என்பதற்கு ‘வெற்றி பெறுதல்’ என்று பொருள் தந்து, சட்டியிலிருந்து பதமாக இறக்கிய பண்டத்தோடு அதை முடிச்சுப் போட்டிருந்தீர்கள். பொருள் பாதி சரி, பிறப்பு சரியில்லை. அது அடுப்பங்கரைச் சொல் அல்ல, ஆற்றங்கரைச் சொல்.

1848 ஜனவரி 24 அன்று கலிஃபோர்னியாவின் கொலோமாவில், அமெரிக்கன் ஆற்றோரம் மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் வாய்க்கால் மண்ணில் தங்கத் துணுக்குகளைக் கண்டார். அடுத்த ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் அங்கே போய்க் குவிந்தார்கள். அவர்கள் கையில் இருந்த எளிய கருவிதான் ‘பான்’: சரிந்த விளிம்பும் தட்டையான அடியும் கொண்ட அகன்ற இரும்புத் தட்டு. அதில் மண்ணை அரித்து முடித்ததும் அடியில் தங்கம் மிஞ்சினால் அந்த மண் ‘பான் அவுட்’ ஆனது. 1860-களிலேயே இது மண்ணை விட்டு மற்றக் காரியங்களுக்கும் பரவிவிட்டது.

அரிக்கும் முறை தெரிந்தால்தான் சொல்லின் முழுப்பொருளும் விளங்கும். தட்டில் முக்கால் பங்கு ஆற்றுமண்ணை நிரப்பி நீருக்குள் அமிழ்த்த வேண்டும். களிமண் கட்டிகளை விரலால் கரைத்து, பெரிய கற்களைக் கழுவி வெளியே போட வேண்டும். பிறகு தட்டைச் சாய்க்காமல் பக்கவாட்டில் நன்றாகக் குலுக்க வேண்டும். தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல் 19.3 மடங்கு, வெண்மணலுடையது 2.65 மட்டுமே. அதனால் குலுக்கக் குலுக்கத் தங்கம் அடிக்குப் போய்விடும். அதன்பின் முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி, நீரில் முக்கி முக்கி எடுத்தால் மேல்மணல் வழிந்தோடும். மறுபடி குலுக்கல், மறுபடி வழித்தல். கடைசியில் ஓரிரு கரண்டி கருமணல் மிஞ்சும். கொஞ்சம் நீர் விட்டுச் சுழற்றினால் அந்தக் கருமணல் விலகி, பின்னால் மஞ்சள் கோடு தெரியும், அல்லது தெரியாது.

தவறுவதும் இங்கேதான். குலுக்கும் முன்பே சாய்த்தால் மேலே கிடக்கும் தங்கம் மணலோடு போய்விடும். கரையாத களிமண் உருண்டை தங்கப்பொடியை ஒட்டிக்கொண்டு உருண்டு வெளியேறும். புதுத் தட்டின் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் மெல்லிய பொடி நீர்மேல் மிதந்து வழியும். அதற்காகவே தட்டை முதலில் தணலில் காய்ச்சி எடுப்பார்கள். வெயிலில் மட்டும் மினுங்குவது அப்பிரகம் (மைக்கா), நிழலிலும் மங்காதது தங்கம். சுத்தியலால் தட்டினால் தங்கம் தகடாகும், தங்கம்போல் மின்னி ஏமாற்றும் பைரைட் என்ற கனிமம் நொறுங்கும்.

முக்கியமான ஒன்று: அந்தத் தட்டால் அதிக மண்ணை அலச முடியாது. அதனால் தொட்டில்போல் ஆட்டும் பெட்டிகளும் நீண்ட மரத் தொட்டிகளும் வந்தபின், தட்டு இடத்தைச் சோதிக்கும் கருவியாகவே நின்றது. ‘இந்த மேட்டைத் தோண்டலாமா?’ என்ற கேள்விக்கு நாலு தட்டு மண் பதில் சொல்லும். ஆகவே ‘பான் அவுட்’ என்பதில் உழைப்பைவிட, கடைசியில் என்ன மிஞ்சியது என்பதே பேச்சு. ஆங்கிலத்தில் அது எதிர்மறையிலும் ஐயத்திலும் மிகுதியாக வருவதும் இதனால்தான்.

இதே ‘பான்’ வரும் ‘ஃபிளாஷ் இன் த பான்’ என்பதையும் பலர் தங்கத்தோடு சேர்க்கிறார்கள். அது பழைய துப்பாக்கியிலிருந்து வந்தது. ‘பான்’ எனப்பட்ட அதன் பக்கவாட்டுக் கிண்ணத்தில் போட்ட வெடிமருந்து மட்டும் குப்பென்று எரிந்து, குழலுக்குள் தீ எட்டாமல் குண்டு வெளியேறாமல் போவதே அது. படப்பிடிப்பில் ‘கேமராவைப் பான் பண்ணு’ என்கிறோமே, அதன் வேரோ ‘பனோரமா’. மூன்றும் வேறு வேறு.

தமிழில் ‘வெற்றி’ என்று மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் நம்மிடமே சரியான சொல் இருக்கிறது. அரிக்கஞ்சட்டியில் அரிசியிலிருந்து கல் அரிப்பதும், கேரளத்து நிலம்பூரின் சாலியாற்றில் பொன் அரிப்பதும், கோவை நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணில் பொடி அரிப்பதும் ஒரே வினை. அரிசியில் அடியில் தங்குவதை எறிகிறோம், மற்ற இரண்டிலும் அடியில் தங்குவதற்காகவே அலசுகிறார்கள். அரித்து முடித்தபின் கேட்பது ‘எவ்வளவு தேறும்?’ என்பதே. அதே சொல்லைத்தான் பரீட்சைக்கும் தொழிலுக்கும் சொல்கிறோம். ‘த பிளான் டிடின்ட் பான் அவுட்’ என்பதற்கு ‘திட்டம் தேறவில்லை’ என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.