போடிக்கு ஒரு கடிதம்: எருக்குக்குக் கனடாவில் ஒரு பங்காளி

ஸ்கார்பரோ, அக்டோபர்

அன்புள்ள அப்பா,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலை, வாடகைக் கதையெல்லாம் போனில் பேசியாயிற்று. இது வேறு சங்கதி, உங்களுக்குப் பிடிக்கும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ரூஜ் என்ற ஆற்றை ஒட்டிப் பெரிய தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வெட்டவெளியெல்லாம் மில்க்வீட் என்றொரு செடி. இலையைக் கிள்ளினால் பால் வடிகிறது, காய் பிளந்தால் பஞ்சு பறக்கிறது. எருக்கும் இதுவும் ஒரே குடும்பமாம். மாலை கட்டிப் போடப் பிள்ளையார்தான் பக்கத்தில் இல்லை.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி இதை ஆசையாக வளர்க்கிறார். ஜூலையில் பூத்தபோது லென்ஸ் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மற்றப் பூக்களைப் போல இதில் மகரந்தம் தூளாக இல்லை. மெழுகு மாதிரி மஞ்சளாக இரண்டு குட்டிப் பைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கறுப்புக் கிளிப் ஒன்று. ஒவ்வொரு பூவிலும் ஐந்து பிளவுகள். தேன் குடிக்க வரும் வண்டின் கால் வழுக்கிப் பிளவுக்குள் போகும். இழுத்தால் கிளிப் காலைக் கவ்விக்கொண்டு பைகளோடு வெளியே வரும். அடுத்த பூவில் அதே கால் மறுபடி வழுக்கி, அந்தப் பை சரியான வாக்கில் பிளவுக்குள் செருகினால்தான் காய். பெரிய வண்டுகள் உதறிக்கொண்டு போய்விடுகின்றன. பலமில்லாத தேனீ சில சமயம் காலை அங்கேயே விட்டுவிட்டுப் போகும், இல்லையென்றால் மாட்டியபடியே செத்துப்போகும். அப்படிச் செத்துத் தொங்கிய ஒன்றைப் பார்த்தேன். தேன் கொடுக்கிற பூவுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்!

இன்னொரு வேடிக்கை. பக்கத்துச் செடி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வேர் ஓடி முளைத்த அதே செடிதான். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதனால் கொத்துக் கொத்தாகப் பூத்தும் காய் நாலைந்துதான். ஆனால் ஒரு பை போதும், ஒரு காய் முழுக்க விதை பிடித்துவிடும். அதில் சுமார் 200 விதை இருக்கும். எல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் காய்கள் வெடிக்கிற நேரம். உள்ளே பழுப்பு விதைகள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வெயிலடித்துக் காய்ந்த பிறகுதான் பஞ்சு விரியும், காற்று ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போகும். மழை நாளில் ஒன்றும் நகராது. விழுந்த விதையும் உடனே முளைக்காது, ஒரு பனிக்காலம் ஈரத்தில் கிடந்து குளிர வேண்டும். பாட்டி அதைக்கூட விடவில்லை. ஈர மணலில் போட்டு ஃபிரிட்ஜில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பஞ்சு என்றதும் நம்ம ஊர் இலவம்பஞ்சு நினைவு வந்ததா? இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு அங்கிருந்து இலவம்பஞ்சு வருவது நின்றுபோனது. கப்பற்படைக்காரர்களின் மிதவைச் சட்டைக்கு அதுதான் உள்ளே அடைக்கிற சரக்கு. மில்க்வீட் பஞ்சும் உள்ளே வெற்றிடமாய், மேலே மெழுகுப் பூச்சோடு தண்ணீர் ஒட்டாமல் மிதக்கும். அதனால் 1944-இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்பி மூட்டை மூட்டையாகக் காய் பறிக்க வைத்தார்கள். இரண்டு மூட்டைக்கு ஒரு சட்டை என்பது கணக்கு.

அப்புறம் போர் முடிந்தது, பழையபடி களையாகிவிட்டது. இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் ஒழிக்க வேண்டிய களைப் பட்டியலில்கூட இருந்தது. 2014-இல்தான் எடுத்தார்கள். காரணம் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. அதன் புழு இந்த இனச் செடிகளைத் தவிர எதையும் தின்னாது. இங்கே பிறந்து மெக்சிகோ மலை வரை பறந்து போகிற பூச்சி அது. நம் எருக்கில் முட்டை வைக்கிற ஆரஞ்சு நிறப் பூச்சிக்கு நெருங்கிய சொந்தம்.

வாய்க்கால் மேட்டு எருக்கிலும் இதே கிளிப் வேலைதான், அங்கே கருவண்டு வரும். பூத்திருந்தால் அதன் காலைப் போனில் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பியை. பாட்டிக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்