சிறுநீரகம் கிடைக்கும் முன்பே எழுதும் நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு இப்படி ஒரு மடல் எழுதுவதுதான் வழக்கம். "கொஞ்சம் பொறு, கிட்னி கிடைக்கட்டும், சேர்த்து எழுதிக்கலாம்" என்று வீட்டிலும் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, அழைப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எனக்குச் செய்ததெல்லாம் செய்தாகிவிட்டது. வாரத்துக்கு 3 தடவை, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸை இன்னும் செய்துகொண்டும் இருக்கிறீர்கள். அதற்கான நன்றியை, வருமா வராதா என்று தெரியாத ஒன்றோடு ஏன் முடிச்சுப் போட வேண்டும்?

முதலில், ஊசி போடும் டெக்னீஷியன் தம்பிக்கு. டயாலிசிஸ் ஊசியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரத்தப் பரிசோதனைக்குக் குத்துகிற ஊசியெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்க, இன்னொன்று சுத்தமானதைத் திருப்பி அனுப்ப. இப்படி ரத்தம் போய்வரும் வேகத்தைத் தாங்குவதற்காகவே முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். தம்பி எடுத்தவுடன் குத்தமாட்டார். மூன்று விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அந்த அதிர்வைக் கவனிப்பார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் ரத்தக்குழாய் புடைத்துக்கொள்ளும் என்பதால், "அண்ணா, இன்னிக்கு ரெண்டு விரல் தள்ளிப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். ஒரு நாள் அதிர்வு குறைவாக இருக்கிறது என்று சொல்லிக் குத்தவே மறுத்துவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள், ஃபிஸ்டுலா பிழைத்தது. அன்றைக்கு வேலையை முடித்தால் போதும் என்று அவர் குத்தியிருக்கலாம். குத்தவில்லை.

அப்புறம் எங்கள் சிஸ்டர். நான் உள்ளே நுழைந்ததும் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, எடை மெஷினைப் பார்ப்பார். சிறுநீர் அநேகமாக நின்றுபோன உடம்பில், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறுகிற எடை பெரும்பாலும் தண்ணீர்தான். ஏறியது அத்தனையையும் 4 மணி நேரத்துக்குள் இழுத்தால் பிரஷர் விழும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அந்த வலியை அனுபவித்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை, அனுபவிக்காதவர்களிடம் விளக்கவும் முடியாது. அப்போது சிஸ்டர் மெஷினில் நீர் எடுப்பதைக் குறைத்துவிட்டு, என் உள்ளங்காலைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். திட்டவும் செய்வார். "நீங்க குடிக்கிறீங்க, நான் உங்க காலைப் பிடிக்கிறேன்!"

பின்பக்க அறையில் தண்ணீர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயரே பல நோயாளிகளுக்குத் தெரியாது. ஒருவருக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்யச் சுமார் 120 லிட்டர் தண்ணீர் வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவில் வயிறு, குடல் என்று எத்தனையோ காவல் உண்டு. இங்கே ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு ஒன்றுதான். குளோரின் வகைகளைச் சரியாக நீக்காவிட்டால் ரத்தச் சிவப்பணுக்களே உடைந்துபோகும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் அவர் தண்ணீரைப் பிடித்துச் சோதித்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது சரியாக இருப்பதால்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாமலே எங்கள் பொழுது போகிறது.

நேரில் சொல்ல முடியாத நன்றிகளும் சில உண்டு. 1943-இல், போருக்கு நடுவே, ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் என்ற டாக்டர் சாசேஜ் உறையாகப் பயன்படும் செலோபேன் குழாயைச் சுற்றி ஒரு டயாலிசிஸ் மெஷின் செய்தார். ஆரம்பத்தில் வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல்தான் ஒரு பெண்மணி பிழைத்து எழுந்தார். கோல்ஃப் நடுவில் விட்டிருந்தால் என்று சில சமயம் யோசிப்பேன். 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் குழாயைக் கொண்டுவந்த பிறகுதான், என்னைப் போன்றவர்கள் வருடக்கணக்காக டயாலிசிஸில் வாழ வழி பிறந்தது. மெஷின்கள் போதாததால், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய அங்கே ஒரு குழுவே வைத்திருந்தார்களாம். படுக்கை நேரம் மாறிவிட்டது என்று சண்டை போடும் நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன். சண்டையை மட்டும் விடுவதில்லை.

அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. யாரும் கேட்கும் முன்பே "என்னோடதை எடுத்துக்கோ" என்று வந்து நின்றவள். ரத்த வகை சேர்ந்தது, திசுப் பொருத்தமும் நன்றாகவே இருந்தது. கடைசியில் அவளுக்கே சர்க்கரை நோய் இருப்பது அந்தப் பரிசோதனையில் தெரிந்து, டாக்டர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். தனக்கு நோய் என்று கேட்டவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. தம்பிக்குக் கொடுக்க முடியவில்லையே என்று அழுதாள். அக்கா, மாத்திரையை ஒழுங்காகப் போடு. இந்த வீட்டுக்கு ஒரு டயாலிசிஸ் போதும்.

என் மனைவி காய்களை வேகவைத்து, என் சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி சமைக்கிறாள், வீட்டில் எல்லோருக்கும் அதே சமையல்தான். எனக்கு ஒரு நாள் தண்ணீர்க் கணக்கு 700 மில்லி. அதனால் அவள் என் கண்ணெதிரே தண்ணீர் குடிப்பதே இல்லை, சமையலறைக்குள் போய்க் குடித்துவிட்டு வருகிறாள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அலுவலகத்தில் என் ஷிஃப்டை மாற்றிக்கொண்ட நண்பர்களுக்கும், "ஒரு மூலிகை இருக்கு, டயாலிசிஸே வேண்டாம்" என்று வரும் போன்களையெல்லாம் என் சார்பில் பேசிச் சமாளிக்கும் மச்சானுக்கும் நன்றி. மச்சான் பொறுமைசாலி, நான் இல்லை.

பக்கத்து படுக்கைக்காரருக்கும் ஒரு வணக்கம். ஒரு ராத்திரி அவருக்கு அழைப்பு வந்தது. ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு பேரை வரச்சொல்வார்கள். அவர் இரண்டாவது ஆள். கொடுப்பவரோடு ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை முதல் ஆளுக்கே சரியாக அமைந்துவிட்டது. மறுநாள் காலை வழக்கம்போல வந்து படுத்தவர், "பரவாயில்லப்பா, எல்லா டெஸ்டும் எனக்கு ஓசியில ஆச்சு" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு யூனிட்டே சிரித்தது.

பதிவு ஒருங்கிணைப்பாளர் மேடத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஹீமோகுளோபின் குறைந்தால் சட்டென்று ரத்தம் ஏற்றிக்கொள்ளாதீர்கள், அடுத்தவர் உறுப்பை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உடம்பில் உருவாகிவிட்டால் பிறகு பொருத்தம் கிடைப்பது கஷ்டம் என்று விளக்கியவர் அவர்தான். சொத்தைப் பல்லைக்கூட விட்டுவைக்காமல் என்னைப் பல் டாக்டரிடம் விரட்டினார்.

ஒரு குடும்பத்துக்கு மட்டும் நான் இப்போது எழுத முடியாது. யாருடைய சிறுநீரகம் எனக்கு வரப்போகிறதோ, அவர் இன்றைக்கு எங்கோ நன்றாக இருக்கிறார். வேலைக்குப் போகிறார், பிள்ளைகளைத் திட்டுகிறார். அவருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் எப்படி வேண்டிக்கொள்வது? "சீக்கிரம் கிடைக்கணும்னு சாமி கும்பிடுறேன்" என்று நல்ல மனதோடு சொல்கிறவர்களிடம் நான் பதில் பேசாமல் இருப்பது அதனால்தான், தவறாக நினைக்காதீர்கள். ஐசியூ வாசலில், மூளைச்சாவு என்ற சொல்லைக் கேட்ட அந்த நாளிலேயே சம்மதம் சொன்ன குடும்பங்களுக்கு இப்போதே நன்றி சொல்லலாம். பட்டியலில் எனக்கு முன்னால் இருந்த பலர் இன்று தாகம் தீரத் தண்ணீர் குடிப்பது அவர்களால்தான்.

கடைசியாக, ராத்திரி 9 மணிக்கு மேல் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டு மெசேஜ் அனுப்பப் பழகிக்கொண்ட உறவினர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் நன்றி. அந்நேரத்தில் மணி அடித்தால் இந்த வீட்டில் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறோம் என்று நான் சொல்லாமலே புரிந்துகொண்டீர்கள். கடன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனிக்காரர்கள்தான் இன்னும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவரவில்லை.

அன்புடன்,
காலை ஷிஃப்ட், ஜன்னலோரப் படுக்கை