சொதிக்குக் காய்ச்சல் பார்க்கிறேன்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
2026 பெப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வருத்தம் இப்போது குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். போன கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் பாதியிலே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். தபால் கந்தோரில் 34 வருடம் இருந்த மனிதருக்குக் கடிதத்தில் எழுதினால்தான் மதிப்பு. அதனால் எழுதுகிறேன்.

"படிச்ச படிப்பு இடியப்பம் விக்கவோ?" என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்டது. கோழி மேய்ச்சாலும் கோர்ண்மெந்தில மேய்க்கவேணும்.

அந்தக் கோர்ண்மெந்துக் கோழி இங்கே எனக்குக் கிடைக்கவில்லை அப்பா. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் 11 வருடம் கணக்கு எழுதினேன், அதை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. எந்த வேலைக்குப் போட்டாலும் 'கனேடிய அனுபவம்' இருக்கிறதா என்றுதான் கேள்வி. அப்படிக் கேட்பதே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013-இலேயே சொல்லிவிட்டது. 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடங்கள் விளம்பரத்தில் அதைப் போடக்கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது இந்த ஜனவரியில்தான். எனக்கு அதற்குள் 46 வயதாகிவிட்டது.

ஏஜென்சி மூலம் ஒரு வெயர்ஹவுஸில் இரவு வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். ஆறு வருடம் அதே இடத்தில் பெட்டி கட்டியும் நான் அந்தக் கொம்பனியின் ஆள் இல்லை, ஏஜென்சியின் ஆள். ஒரு மார்கழி இரவு, இரண்டு பஸ் மாறிப் போய் வாசலில் இறங்குகிறேன், போனில் செய்தி வருகிறது: இன்றைக்கு ஆள் தேவையில்லை. திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தில்தான் கடை போட முடிவெடுத்தேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் ஒன்றும் யோசிக்கவில்லை. கால் விறைத்ததுதான் நினைவிருக்கிறது.

யோசிக்க வைத்தது உங்கள் மருமகள்தான். அவள் அப்போது வேறொருவரின் சாப்பாட்டுக் கடையில் விடிய ஐந்து மணியில் இருந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஒத்தடம் கொடுத்தபடி, ஒரு நாளைக்கு எத்தனை பிழிவாய் என்று கேட்டேன். "ஆயிரத்துக்குக் குறையாது" என்றாள். உடனே ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தேன். அரிசிமா, தேங்காய்ப்பால், காஸ், வாடகை. கணக்கு எழுதுகிறவனுக்கு வேறு என்ன தெரியும்? பெரிய லாபம் வரவில்லை, ஆனால் நட்டமும் வரவில்லை. அவளிடம் கை இருந்தது, என்னிடம் கணக்கு இருந்தது. இரண்டையும் இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம், அவ்வளவுதான்.

கடை போடுகிறவர்கள் எல்லாரும் பெரிய துணிச்சல்காரர்கள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். எங்கள் கடைவரிசையையே சொல்கிறேன். மூலைக் கடை முதலாளி 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். அப்போது ஊர்ச் சாமான் வாங்க இடமில்லை, அதனால் பலசரக்குக் கடை போட்டார். போன் திருத்துகிறவரை 55 வயதில் வேலையால் நிற்பாட்டினார்கள். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. தலைமயிர் வெட்டுகிற பிள்ளைக்கு, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகனை வைத்திருக்க ஒரு மூலை தேவைப்பட்டது. இன்சூரன்ஸ்காரர் மாத்திரம், தனக்கு எந்த மேலாளரோடும் ஒத்துப்போகாது என்று தானே சொல்லிச் சிரிப்பார். அவருடைய மனைவி சிரிப்பதில்லை.

கடைப் பெயரைப் பதிய 60 டொலர்தான், ஐந்து வருடத்துக்குச் செல்லும். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். சுகமாக முடிந்தது அது ஒன்றுதான். வங்கியில் கடன் கேட்டால் இரண்டு வருடக் கணக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். திறக்காத கடைக்கு ஏது கணக்கு? கடைசியில் கைகொடுத்தது சீட்டு. முன்னுக்கே எடுத்ததால் கழிவென்று நல்ல காசு போனது. லீஸில் எழுதியிருந்த வாடகையைப் பார்த்துத் தலையாட்டியவன், அதற்கு மேலே கட்டட வரி, பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் எங்கள் தலையில்தான் என்பதை இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். கணக்காளன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

சோதனையும் எழுதினேன் அப்பா. சாப்பாடு விற்கிற இடத்தில் எந்த நேரமும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்த ஒருவர் நிற்கவேண்டும். கோழித்துண்டு 74 பாகை, முழுக்கோழி 82 பாகை வரை வேகவேண்டும் என்று பாடமாக்கினேன். மேய்க்கத்தான் கிடைக்கவில்லை, அவிக்கிறதற்கு கோர்ண்மெந்து சான்றிதழ் தந்திருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஊரில் பி.எச்.ஐ, அதுதான் சுகாதாரப் பரிசோதகர், வருவது போல இங்கேயும் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். எல்லாம் சரி என்றால் பச்சை மட்டை, குறை இருந்தால் மஞ்சள், சிவப்பு என்றால் கடை பூட்டு. மட்டையை வாசலில் சனம் பார்க்கிற மாதிரி ஒட்டவேண்டும். சூடான சாப்பாடு 60 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதால் சொதிக்குள் தேர்மோமீற்றரை விட்டுப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். மகள் அதைப் பார்த்துவிட்டு "அப்பா சொதிக்குக் காய்ச்சல் பார்க்கிறார்" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்கிறாள். அம்மாவுக்குச் சொல்லுங்கள், சிரிப்பா.

வரியிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. சமைத்த சாப்பாட்டுக்கு 13 வீதம். மொத்தம் 4 டொலருக்கு மேல் போகாவிட்டால் 5 வீதம்தான். இது தெரிந்த எங்கள் ஆட்கள் ஒரு ரோல்ஸை வாங்கிக் காசு கட்டிவிட்டு, திரும்பி நின்று இன்னொன்று கேட்பார்கள். பின்னால் வரிசை நீளும். யாழ்ப்பாணத்தான் பனிக்குள்ளும் மாறமாட்டான்.

வெள்ளிக்கிழமையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் அப்படியே கிடக்கும், மரக்கறி ரோல்ஸ் பத்து மணிக்கே முடிந்துவிடும். குளிருக்கு மா சட்டென்று இறுகிவிடுகிறது, உரலை முதலில் சுடுதண்ணியில் போட்டு எடுத்தால்தான் பிழியலாம். இப்போது பாதியை நான்தான் பிழிகிறேன். அவளுடைய மணிக்கட்டு பரவாயில்லை.

இனி நீங்கள் உண்மையில் கேட்க நினைக்கிற கேள்வி. இரண்டு பேரும் சேர்ந்து கிழமைக்கு 130 மணித்தியாலம் நிற்கிறோம். ஜனவரியில் எல்லாம் கழித்து மிஞ்சியது 5,900 டொலர். பிரித்துப் பாருங்கள், மணிக்குப் பத்து டொலர் சொச்சம். உதவிக்கு நிற்கும் பெடியனுக்குச் சட்டப்படி 17 டொலர் 60 சதம் கொடுக்கிறேன். ஆக, கடையில் குறைந்த சம்பளம் முதலாளிக்கும் முதலாளியின் மனைவிக்கும்தான். வெயர்ஹவுஸில் நின்றிருந்தால் கையில் கூடவே வந்திருக்கும்.

பிறகேன் என்றால், இன்றைக்கு நீ வேண்டாம் என்று இப்போது எனக்கு ஒருவரும் செய்தி அனுப்ப முடியாது. கடை நட்டப்பட்டுப் பூட்டவேண்டி வரலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். பூட்டினாலும் திறப்பு என் கையில்தான் இருக்கும்.

ஜனவரி மாதக் கணக்கின் பிரதி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கையால்தான் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் காஸ் செலவு எனக்குக் கூடவாகத் தெரிகிறது, எங்கே பிழை என்று பிடிபடவில்லை. உங்களுடைய சிவப்புப் பேனை இன்னும் இருந்தால் கோடு போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
மூத்த மகன்