ராத்திரி இரண்டு மணிக்கு ஆடிய கோடு

அன்புள்ள சேகருக்கு,

ஆறு மாதமாகப் பதில் போடாத பாவி எழுதுகிறேன். திட்டு, ஆனால் படித்து முடித்துவிட்டுத் திட்டு. அம்மா நலம். எனக்கு முடி இன்னும் கொஞ்சம் கொட்டியிருக்கிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு லேசர் அறையில், திரையில் கோடு ஆடியதடா! எட்டு மாதம் கழித்து.

போன முறை புலம்பினேனே, அந்தச் சீசியம் லெட் புரோமைடு குவாண்டம் புள்ளிகள்தான், கண்ணுக்குத் தெரியாத நானோ அளவுப் படிகத் துகள்கள். கொதிக்கிற கரைசலில் சீசியத்தைச் சிரிஞ்சால் அடித்து, ஐந்து நொடியில் குடுவையை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். யூவி டார்ச் அடித்தால் கோயில் சீரியல் பல்பு மாதிரி பச்சையாக எரியும். ஆனால் அந்த ஒளிக்குப் பின்னால் இருக்கிற ஜோடிதான் எனக்குத் தொல்லை. ஒளி பட்டதும் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான துளையும் பிறக்கின்றன. இரண்டும் ஒரே புள்ளிக்குள் அடைந்து கிடந்தால் ஒன்றின் ஸ்பின்னை, அதாவது அதற்குள் இருக்கிற குட்டிக் காந்தத்தின் திசையை, மற்றது குலைத்துவிடும். அறை வெப்பத்தில் சில பிகோ செகண்டுகூடத் (ஒரு பிகோ செகண்ட் என்றால் நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தாங்குவது கஷ்டம். அதனால் புள்ளியின் மேல் ஆந்த்ராகுவினோன் என்ற சேர்மத்தை ஒட்டவைத்தோம். அது எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், துளை தனியாக நிற்கும். சீனாவின் டாலியனில் ஒரு குழு 2022-லேயே செய்து காட்டிவிட்டது. பார்த்துச் செய்யவே எனக்கு இத்தனை நாள்.

வட்டமாகச் சுழலும் லேசர் ஒளி துளையின் ஸ்பின்னை ஒரு பக்கம் திருப்பிவிடும். குறுக்கே காந்தம் வைத்தால் அது பம்பரம் போலத் தலையாட்டும். (என் பம்பரத்தை நீ பிளந்த கணக்கு இன்னும் தீரவில்லை.) அந்தத் தலையாட்டல்தான் திரையில் அலையாகத் தெரிந்தது. காந்தப் பலம் 1 டெஸ்லாவில் ஒரு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 100 பிகோ செகண்ட். லேசரின் சேட்டையோ என்று சந்தேகப்பட்டு காந்தத்தைக் கூட்டினேன், அலை நெருங்கியது. அணைத்தேன், கோடு சும்மா சரிந்தது. பொய் இல்லை!

காலையில் பார்த்தால் அதே பாட்டிலின் அடியில் மஞ்சள் வண்டல், டார்ச்சுக்கு அசையவே இல்லை. கழுவும்போது ஆல்கஹாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன் போல. மேலே ஒட்டியிருந்ததெல்லாம் உரிந்துவிட்டது. கைடு "மறுபடி காட்டு" என்கிறார். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை, உன்னைத் தவிர.

அப்புறம், உன் அப்பா போனபோது இரண்டு வரி மெசேஜோடு நிறுத்திக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. நமக்கு முதன்முதலில் திரையில் ஒரு அலையை ஆடவைத்துக் காட்டியவர் அவர்தானே, அந்த ரேடியோக் கடையில். நேற்று அவர் நம்பரை எடுத்துப் பாதி அழுத்திவிட்டுத்தான் நிறுத்தினேன்.

அலை காட்டிய அந்த ஆசிலாஸ்கோப் இன்னும் இருக்கிறதா? பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வருகிறேன்.

உன்,
கண்ணன்