மேசை மேல் ஒரு ஸ்பிட்ஃபயர்

சௌத்தாம்ப்டன், இங்கிலாந்து,
டிசம்பர் 14.

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம், அண்ணியும் பிள்ளைகளும் நலமா? "நாற்பது வயதில் பொம்மை விமானம் ஒட்டுகிறாயாமே" என்று கேட்டிருந்தீர்கள். பெயர்ப்பலகை எழுதும் கைக்கு இதன் அருமை புரியும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கே குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து அறைக்குத் திரும்பியபின் பொழுது போகாமல்தான், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமான மாதிரி செய்யும் ஏர்ஃபிக்ஸ் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் இருந்தது ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம். அது பிறந்தது இந்த ஊரில்தான். 1936 மார்ச் 5 அன்று பக்கத்து ஈஸ்ட்லீ தளத்திலிருந்து முதன்முதலாகப் பறந்தது. அதை வடிவமைத்த மிட்செல் மறு ஆண்டே காலமானார். பதினொரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இறக்கை அகலம், 72இல் ஒரு பங்காகக் குறைந்து, என் மேசையில் ஒரு சாணுக்கும் குறைவாக நிற்கிறது.

வேலை முறை நம் கடையில் பலகைக்குச் செய்வதேதான்: இணைப்பில் பட்டி வைத்து, ஈர உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே வர்ணம். மேலே மண் பழுப்பும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக. அடியில் 'ஸ்கை' எனப்படும் வெளிர் பச்சை. வர்ணம் பால் பதத்தில் இருக்கவேண்டும், கெட்டியானால், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளக் கோடுகள் மூடிப்போகும். தொலைவிலிருந்து பார்க்கும் பொருள் வெளிறித் தெரியும் அல்லவா, அதனால் சிறிய மாதிரிக்குத் துளி வெள்ளை கலக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. வர்ண வாடைக்காகச் சன்னலைத் திறந்தால் குளிர் எலும்பைத் தொடுகிறது.

விமானி அமரும் கண்ணாடிக் கூண்டை அவசரப்பட்டு உடனடிப் பசையால் ஒட்டினேன். அதன் ஆவி பட்டு, விடிவதற்குள் உட்புறமெல்லாம் புகைபடிந்தாற்போல் வெளுத்துவிட்டது. நம் தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசை போதுமாம், காய்ந்தால் தெளிந்துவிடுமாம். மிக மெல்லிய தாளால் தேய்த்துப் பாதி மீட்டேன்.

நான் செய்வது பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் படைப்பிரிவு விமானம். 1940 ஆகஸ்டில் இங்கிருந்து வெகுதொலைவில்லாத மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்த அந்தப் பிரிவுக்குப் பின்னர் வந்த பட்டம் என்ன தெரியுமா? 'மதராஸ் மாகாணம்'. நம் மாகாணத்திலிருந்து போர் நிதி அனுப்பியதற்காக இட்ட பெயர். யார் யார் மடியிலிருந்து போன காசோ!

அந்தப் பிரிவின் அடையாளமான AZ என்னும் சாம்பல்நிற எழுத்துகள் அச்சிட்ட படலமாக வருகின்றன. நீரில் ஊறவைத்து, பளபளப்பான வார்னிஷ் மேல் நகர்த்தி வைக்கவேண்டும். சொரசொரப்பில் வைத்தால் அடியில் காற்று தங்கி வெள்ளியாய் மினுங்கும். நேற்று இடப்பக்கத்து Z நீரிலேயே கிழிந்துவிட்டது. விரல் நகம் அளவுள்ள அதைக் கையால்தான் எழுதவேண்டும். உங்களிடமுள்ள மிக மெல்லிய தூரிகைகளில் இரண்டை அடுத்த மாதம் இங்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புங்கள். குறுக்குக்கோடு இழுக்கும்போது மூச்சை அடக்குவீர்களே, அது உள்ளிழுத்த பிறகா, வெளிவிட்ட பிறகா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி