3000 அடியில் மக்கர்

டேய் முரளி,

எழுதவில்லை என்று திட்டாதே, உன் பக்கமிருந்தும் ஒரு வரி வரவில்லை, கணக்கு நேர். ஃபுளோரிடாவில் விமானம் ஓட்டப் படிப்பதும் மற்றதும் எல்லாம் நலம். சோறு நானே வடிக்கிறேன், அதை நானே சாப்பிடவும் வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை 3000 அடியில் இன்ஜின் மக்கர் பண்ணிவிட்டது. 1979-இல் செய்த செஸ்னா 172 என்ற குட்டி விமானம், நம்மைவிட மூத்தது. முதலில் சத்தம்கூட மாறவில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். முள், 2300-இல் நின்றது, யாரும் தொடாமலே மெல்ல இறங்கியது, அப்புறம்தான் உதறல். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் ஐஸ்! வேர்த்து ஊற்றுகிற ஊரில் ஐஸா என்று சிரிப்பாய். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே அவ்வளவு குளிர்ந்துவிடுகிறது. ஈரப்பதம் இருந்தால் 38 டிகிரி வெயிலிலும் பிடிக்கலாம் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் கையேட்டிலேயே இருக்கிறது.

இதற்கு கார்ப் ஹீட் என்று ஒரு குமிழ், இழுத்தால் எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே போகும். இழுத்தேன். இன்னும் மோசமானது! உருகிய தண்ணீர் இன்ஜினுக்குள் போக, மணி அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் உன் யெஸ்டி இருமுமே, அதே இருமல். குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடத்தான் கை பரபரக்கும், தள்ளினால் போச்சு. பக்கத்து சீட்டு இன்ஸ்ட்ரக்டர் அம்மா தன் மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "விடு, இருக்கட்டும். 65 நாட் பிடி, இடம் பார்" என்றதோடு சரி. வேகத்தை 65 நாட்டில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் போல, வைத்தால் இன்ஜின் நின்றாலும் அங்கிருந்து 8 கிலோமீட்டர் போல மிதந்து போகலாம். மாடுகள் ஓரமாக நின்ற ஒரு மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து வைத்தேன், குறுக்கே கரண்ட் கம்பி இல்லை. ரேடியோவில் ஆபத்து என்று அறிவிக்கும் 'மேடே' சொல்ல வாயெடுக்கும்போது முள் ஒரு குலுக்கலோடு ஏறியது பார்!

அதுகூடப் பரவாயில்லைடா. என்னை அரிப்பது வேறு. கிளம்பி 300 அடியில் இன்ஜின் நின்றால்? ஐஸ் உருகவோ இடம் தேடவோ நேரமே கிடையாது. ஓடுபாதைக்குத் திரும்பினால் வேகம் போய் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விழவேண்டியதுதான், அதனால் மூக்கைத் தாழ்த்தி நேரே எது கிடைக்கிறதோ அதில் இறக்கணும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் ஓடுபாதை முதுகுக்குப் பின்னாலேயே இருக்க, எதிரே இருக்கும் ஆரஞ்சுத் தோப்பைப் பார்த்துப் போக மனசு வருமா? அடுத்த வாரம் தனியாகப் பறக்கவேண்டும், ராத்திரியெல்லாம் இதே நினைப்பு.

அம்மாவிடம் உளறிவிடாதே. நான் இன்னும் வகுப்பில் பாடம்தான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம், ஸ்ரீதர் கல்யாணத்தில் என் பெயரிலும் மொய் எழுதிவிடு, அனுப்பிவிடுகிறேன். பழைய பாக்கியில் கழித்துக்கொள்கிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே.

உன்,
சேகர்